நன்கொடையில் எழுந்த கண்ணாடி வீடு

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள துறைமுக நகரம் லிவர்பூல். அந்நகரில் 1872-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கெனத் திறக்கப்பட்ட செப்டன் பூங்காவினுள்ளே, எண்கோண வடிவில் மூன்றடுக்குக் கவிகையுடன் ஒரு கண்ணாடி வீடு நிற்கின்றது. அதற்குப் ‘பனை இல்லம்’ என்று பெயர். பொதுச் சொத்தைப் பேணும் பொறுப்பை ஏற்றுள்ள பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அதன் வரலாற்றை அறிதல் நலம் என்று கருதுகின்றோம்.

முதலில், கண்ணாடி வீடு என்பது யாது? லிவர்பூலில் குளிர்காலம் நீண்டது. நம் வரப்புகளில் தானாக வளரும் பனை அங்கே திறந்தவெளியில் பிழைக்காது. கண்ணாடியோ சூரிய ஒளியை உள்ளே விடுகின்றது. ஒளிபட்ட மண்ணும் செடியும் வெப்பமடைந்து, அடுத்துள்ள காற்றையும் சூடாக்குகின்றன. அக்காற்று மேலெழுந்து வெளியேறாதபடி கூரை தடுக்கின்றது. வெயிலற்ற நாட்களுக்கு இது போதாது. ஆகவே, கொதிகலத்திலிருந்து வெந்நீரைக் குழாய்களில் செலுத்தி இத்தகைய வீடுகளைச் சூடாக்கும் வழக்கம் ஏற்பட்டது. நம் சமவெளியில் நிலைமை இதற்கு நேர்மாறு. இங்கு நாற்றுகளுக்கு வேண்டுவன நிழலும் காற்றோட்டமுமே. கண்ணாடி வீட்டின் அழகைக் கண்டு அவ்வாறே ஒன்று கட்ட விரும்புவோருக்கு இதனைச் சொல்லி வைக்கின்றோம்.

பனை இல்லத்திற்குப் பொருள் உதவியவர் ஹென்றி யேட்ஸ் தாம்ப்சன் என்னும் செல்வர். பழைய கையெழுத்துச் சுவடிகளைச் சேகரிப்பதில் பெயர் பெற்ற இவர் 10,000 பவுன் வழங்கினார். எடின்பரோ நகரத்து மெக்கன்சி, மாங்கர் நிறுவனத்தார் கட்டிய அவ்வீடு 1896-இல் திறக்கப்பட்டது. தாவரங்களை வகைப்படுத்திய லின்னேயஸ், பரிணாமக் கொள்கையை விளக்கிய டார்வின் ஆகியோரது சிலைகளும் அங்கு உள்ளன.

திறப்பு விழாவன்று எவரும் எண்ணிப் பாராதது பின்னர் நேர்ந்தது. 1941 மே மாதத்தில் போர் விமானங்கள் நகரைத் தாக்கியபோது, அருகே விழுந்த குண்டினால் கண்ணாடிகள் நொறுங்கின. 1950-இல் போர்ச்சேத நிதியிலிருந்து 6,163 பவுன் செலவில் மீண்டும் கண்ணாடி பதித்தனர். குண்டின் சேதத்தை இவ்வாறு ஒரே முறையில் சரி செய்ய முடிந்தது. ஆனால் துருவின் சேதம் அத்தகையதன்று. காலந்தோறும் வண்ணம் பூசாவிடில் இரும்புச் சட்டம் துருவேறும். துருவேறிய இரும்பு பருத்துக் கண்ணாடியை நெருக்கும். விரிசல் வழியே நீர் இறங்கி மேலும் துருவை வளர்க்கும். சிறுகச் சிறுகச் சீர்கெட்டு வந்த பனை இல்லம், ஆபத்தானது என்று கருதப்பட்டு 1980-களில் மூடப்பட்டது.

அதனை மீட்டவர்கள் அக்கம் பக்கத்து மக்களே. 1992 ஜூன் மாதத்தில் பொதுக்கூட்டம் கூட்டி, 5,000 பேர் கையொப்பமிட்ட மனுவை நகராட்சிக்கு அளித்தனர். ‘ஆளுக்கொரு கண்ணாடி’ என்னும் முறையில், ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு கொடையாளரைத் தேடி 35,000 பவுனுக்கு மேல் திரட்டினர். 1993-இல் ஒரு பகுதி செப்பனிடப்பட்டுத் திறக்கப்பட்டது. முழுச் சீரமைப்புக்கு லாட்டரி வருவாயிலிருந்து வரும் மரபுச் செல்வ நிதியும் ஐரோப்பிய நிதியும் உதவின. செலவு 35 லட்சம் பவுன். 2001 செப்டம்பரில் வீடு மீண்டும் திறக்கப்பட்டது.

இத்தொகை முதல் நன்கொடையைப் போல் 350 மடங்கு. நூறாண்டுகளில் பணத்தின் மதிப்பு பெரிதும் குறைந்துவிட்டதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடுதல் தகாது. எனினும், ஊருக்கு ஒருவர் கட்டடம் வழங்க முன்வரும்போது, ஆண்டுதோறும் வண்ணம் பூசும் செலவு யாருடையது என்பதையும் அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது நன்று. கொடையாளரிடம் இதனைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று சிலர் தயங்குவர். அத்தயக்கம் வேண்டியதில்லை.

இப்பொழுது பனை இல்லத்தை ஓர் அறக்கட்டளை நடத்தி வருகின்றது. திருமணங்களுக்கும் விழாக்களுக்கும் இடத்தை வாடகைக்கு விட்டு வருவாய் தேடுகின்றனர். மற்ற வேளைகளில் எவரும் கட்டணமின்றி உள்ளே சென்று செடிகளைக் காணலாம்.