பேச்சுப் பெற்ற பிள்ளை

ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில், கடற்கரை சிறிதும் இன்றி, ஆறு நாடுகளால் சூழப்பட்டிருப்பது புர்க்கினா பாசோ. அங்கு மழை குறைவு. கம்பு, சோளம், பருத்தி ஆகியவை அந்நாட்டு விளைபொருள்கள். மக்களுட் பெரும்பாலோர் உழவராவர். ஆடுமாடு மேய்த்து வாழ்வோரும் பலர். செல்வத்தில் பின்தங்கிய இந்நாடு, கலையொன்றில் முன்னின்று புகழ்பெற்றது. திரைப்படமே அக்கலை.

முற்காலத்தில் இந்நாடு பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தம் ஆட்சியிலிருந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் படமெடுக்க விரும்புவோர் அரசினரின் இசைவைப் பெறவேண்டும் என்று அவர்கள் 1934-ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தனர். அதனால் ஆப்பிரிக்கர் தம் வாழ்வைத் தாமே படமாக்குதல் அரிதாயிற்று. 1960-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள், மேல் வோல்ட்டா என்னும் பெயருடன் நாடு விடுதலை பெற்றது. ஆயினும் படக்கொட்டகைகள் அயல்நாட்டு நிறுவனங்களின் பிடியிலேயே இருந்தன. திரையில் தோன்றிய முகமும் ஒலித்த மொழியும் பிறருடையனவே.

இக்குறையை நீக்கக் கலையன்பர் சிலர் முன்வந்தனர். அவர்கள் 1969-ஆம் ஆண்டில், தலைநகராகிய வாகடூகுவில் ஆப்பிரிக்கப் படங்களுக்கென ஒரு விழாவைத் தொடங்கினர். மறு ஆண்டில் அரசினர் படக்கொட்டகைகளை நாட்டுடைமை ஆக்கினர். சினங்கொண்ட அயல் நிறுவனங்கள் படங்களை அனுப்ப மறுத்தன. எனினும் அரசினர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைப் படத்தொழிலுக்கென ஒதுக்கினர். படம் பார்க்க வந்தோர் கொடுத்த சிறு காசே நாட்டுப் படங்களுக்கு வித்தாயிற்று.

அவ்வித்தின் விளைவுகளுள் ஒன்று, காஸ்டோன் கபோரே என்பவர் 1982-ஆம் ஆண்டில் உருவாக்கிய 'வெண்ட் கூனி' என்னும் படம். இவர் வரலாறு பயின்றவர். இப்படம் அந்நாட்டு மொசி மக்களின் மோரே மொழியிலேயே அமைந்தது. காட்டுவழியே சென்ற வணிகன் ஒருவன், உணர்விழந்து கிடந்த சிறுவனைக் காண்கிறான். சிறுவனோ வாய் பேசான். தன் பெயரும் ஊரும் கூற அறியான். நெசவாளர் குடும்பம் ஒன்று அவனை ஏற்று, 'இறைவன் கொடை' என்னும் பொருள்பட வெண்ட் கூனி எனப் பெயரிட்டு, தம் மகளோடு ஒருங்கு வளர்க்கிறது. ஒருநாள் கொடிய காட்சியொன்றைக் கண்டு நடுங்கிய சிறுவனுக்கு, இழந்த பேச்சு மீள்கிறது. தன் தாயைச் சூனியக்காரி என்று பழித்து ஊரார் துரத்திய கதையை அவன் கூறுகிறான். பிரான்சு நாட்டின் சேசர் பரிசு 1985-ஆம் ஆண்டில் இப்படத்திற்குக் கிடைத்தது.

இத்ரிசா ஊத்ராகோ 1989-ஆம் ஆண்டில் எடுத்த 'யாபா' என்னும் படமும் இத்தகையதே. 'யாபா' என்பது பாட்டியைக் குறிக்கும் சொல். சூனியக்காரி என ஊர் ஒதுக்கிய மூதாட்டியை ஒரு சிறுவன் 'பாட்டி' என்று அழைத்து அன்பு காட்டுகிறான். முதியோர் காணத் தவறிய உண்மையைச் சிறுவன் காண்கிறான். இவரது 'திலாய்' என்னும் படம், 1990-ஆம் ஆண்டில் கான் நகரத் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும்பரிசைப் பெற்றது.

இவர்கள் தம் நாட்டைப் போற்றுவதற்கே படமெடுத்தனர் அல்லர். அயலார் ஆட்சியைக் குறைகூறி, ஊரின் மூடப்பழக்கத்தை மறைத்தாரும் அல்லர். தம்மவர் செய்த தவற்றைத் தம் மொழியிலேயே எடுத்துரைத்தனர். பிறர் கூறின் இகழ்ச்சியாகத் தோன்றுவது, உரியவர் கூறின் திருத்தமாக அமைகின்றது.

1984-ஆம் ஆண்டில் நாடு புர்க்கினா பாசோ என்னும் புதுப்பெயர் பூண்டது. நேர்மையாளர் நாடு என்பது அதன் பொருள். வாகடூகு விழாவின் முதற்பரிசு, மொசி மக்களின் மரபுக் கதையில் வரும் வீரமங்கை யென்னெங்காவின் குதிரையைப் பெயராகக் கொண்டது. 'வெண்ட் கூனி'யின் தொடர்ச்சியாகக் கபோரே எடுத்த 'பூத் யாம்', 1997-ஆம் ஆண்டில் அப்பரிசைப் பெற்றது.

காட்டில் கிடந்த சிறுவனைப் போலவே, அந்நாடும் திரையின்முன் நெடுங்காலம் வாய்பேசாதிருந்தது. பேச்சு மீண்டபோது, அது முதலில் உரைத்தது தன் புகழையன்று. ஒரு தாய்க்கு இழைக்கப்பட்ட அநீதியை. தன் குறையைத் தானே கூறும் துணிவு உடைய மக்களே, பிறர் மதிக்கும் பெருமையையும் அடைவர்.