முதலில் ஒரு பேரேடு: கரையோர ஊர்களின் மரபுகாப்புச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

மருதமுனை தொடங்கிப் பொத்துவில் ஈறாக உள்ள நம் கரையோர ஊர்களில், பழமையைப் பாதுகாக்க வேண்டுமென்று பத்துப் பேர் கூடினால், அவர்களுக்குத் தோன்றும் முதல் யோசனை பெரும்பாலும் ஒரு நினைவுத்தூபியாகவோ, நூதனசாலையாகவோ, பிரமுகர்களை அழைத்து நடத்தும் விழாவாகவோதான் இருக்கிறது. அவையெல்லாம் பிற்காலத்தில் வரட்டும். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26ஆந் திகதியின் கடற்கோளும் கொண்டுபோனவை எவை என்று பேரன் கேட்டால், ஞாபகத்திலிருந்து பாதியும் ஊகத்திலிருந்து பாதியுமாகச் சொல்லும் நிலையில் இருக்கும் ஊருக்கு, முதன்முதல் அவசியமானது ஒரு பேரேடு.

சங்கத்தை அமைப்பதில் அதிக காலத்தைச் செலவிட வேண்டாம். ஒரு யாப்பு, ஒரு நிர்வாக சபை, இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, பிரதேச செயலகத்தில் பதிவு, இவ்வளவும் போதும். ஆனால், ஓய்வுபெற்ற அதிபர்களும் உத்தியோகத்தர்களும் மாத்திரமே நிறைந்த சபை கடிதம் வரைவதில் சாமர்த்தியம் பெறுமேயன்றி, தறிக்காரரும் கரைவலைக்காரரும் பெண்களும் இல்லாவிடில் ஊரின் முக்காற் பங்கை அது காணாமலே போய்விடும்.

பேரேட்டில் ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஊரார் வழங்கும் பெயர், இருக்கும் இடம், இன்றைய உரிமையாளர், கட்டிய காலம் என்று சொல்லப்படுவது, அதைச் சொன்னவர் யார், இப்போதைய நிலை ஆகியவற்றை எழுதி, நாற்புறமும் நின்று எடுத்த புகைப்படங்களையும், அளவுநாடாவால் அளந்து வரைந்த எளிய படத்தையும் சேர்க்க வேண்டும். செவிவழிச் செய்தியைச் செவிவழிச் செய்தி என்றே குறியுங்கள். இருநூறு வருஷம் என்று ஒருவர் சொன்னதை ஆராயாமல் எழுதிவிட்டால், ஒரு தலைமுறைக்குள் அது சரித்திரமாகி, பிறகு அதனைத் திருத்துவார் இல்லாமற் போகும்.

வீடுகளைப் பற்றி விசாரிக்கும்போது ஒரு விசேஷத்தை மனத்திற் கொள்ள வேண்டும். குடி தாய்வழியாக வருவதும், வீடுவளவு மகளுக்குச் சீதனமாகப் போவதும், மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழ்வதும் நம் பிரதேசத்தின் வழமையாதலால், ஒரு வீட்டின் கதையை முழுமையாக அறிந்தவர் பெரும்பாலும் அந்த வீட்டு மூத்தம்மாவே. திண்ணையில் அமர்ந்து ஆண்களிடம் மட்டும் கேட்டுவரும் குழு அரைகுறைக் கதையோடு திரும்பும். ஆகவே இந்த வேலைக்குச் சங்கத்தின் பெண் அங்கத்தவர்களே போகட்டும். அவர்கள் நாட்டார் கவிகளையும் தாலாட்டையும் ஒலிப்பதிவு செய்து வருவார்களாயின், அது கட்டடங்களிலும் பெறுமதி கூடிய சேகரமாகும். மருதமுனைத் தறிகளையும் கரைவலை இழுக்கும் துறைகளையும் இதே பேரேட்டில் சேர்க்க வேண்டும். தறி ஓய்ந்த பின் அதனை நூதனசாலையில் வைப்பதைவிட, ஓடும் காலத்தில் ஒரு சாறன் வாங்குவது மேலான மரபுகாப்பு என்பது என் அபிப்பிராயம்.

கல்முனைக் கடற்கரைப்பள்ளி போன்ற இடங்களைப் பேரேட்டில் சேர்க்கச் சங்கங்கள் தயங்குவதை அறிவேன். நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் அங்கே நிகழும் கொடியேற்றத்தைப் பற்றி மார்க்க விஷயத்தில் வெவ்வேறு கருத்துடையோர் நம்முள் உளர். அந்த விவாதத்துக்கு உலமாக்கள் இருக்கிறார்கள். பேரேட்டுக்கு அதில் வேலையில்லை. இதே மகானின் பெயரால் 1828க்கும் 1830க்கும் இடையில் சிங்கப்பூரில் எழுந்த தர்கா, 1974இல் தேசிய நினைவுச்சின்னமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குவதை இங்கே நினைவூட்டலாம்.

ஆவணங்களுக்கு வருவோம். அரபுத் தமிழ்க் கிதாபுகள், பள்ளிவாசற் கணக்குப் புத்தகங்கள், காணி உறுதிகள், பழைய காவின் (திருமணப்) பதிவுகள் ஆகியவற்றைச் சங்கத்துக்கென்று வாங்கிக்கொள்ள முயலாதீர்கள்; கொடுத்தவர் மனம் மாறினால் சங்கமே உடைந்துபோகும். உரிமையாளர் முன்னிலையில், கழுவி உலர்த்திய கையால் தாள்களைப் புரட்டிப் படமெடுத்து, மூலத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். கிழிசலுக்கு ஒட்டுநாடா ஒட்டுவதும் பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடாக்குவதும் நல்லெண்ணத்தால் செய்யும் நாசங்கள். பிரதிகளில் ஒன்றைக் கடலுக்கு எட்ட, சம்மாந்துறை போன்ற ஊரில் வைத்து, இன்னொன்றை 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேகரித்து வரும் நூலகம் நிறுவனத்துக்கு வழங்கலாம்.

சட்டத்தை நம்புவோர் அதன் எல்லையையும் அறிய வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே பிரதானமாகத் தொல்பொருள் என வரையறுப்பதால், நம் தெருக்களில் எஞ்சியுள்ள வீடுகள் அநேகமாக அதன் நிழலில் ஒதுங்க இயலாதவை. 2020இல் கிழக்கின் தொல்பொருள்களுக்கென ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறாததால் எழுந்த அச்சம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. அந்த அச்சத்தால், பழைய கல் கிடைத்தால் மறைத்துவிடும் பழக்கமும் சிலரிடம் உண்டு. மறைப்பது அபாயம். கிடைத்த இடத்தையும் நாளையும் உறுதியின் விபரத்தையும் பேரேட்டில் ஏற்றிவைப்பதே நம் தரப்பு நியாயத்துக்குப் பலம். வீதி அகலிப்போ கடைத்தொகுதியோ வரப்போவதாகச் செவியில் விழுந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபைக்குத் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தை அவர்கள் அறிவித்தாக வேண்டும்.

பள்ளிவாசலைப் புதுப்பிப்பதாயின், வரைபடம் கீறப்படும் முன்பே நம்பிக்கையாளர் சபையைக் காணுங்கள். அத்திவாரமிட்ட பின் சொல்லும் ஆலோசனை தூஷணையாகவே கேட்கும். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சீமெந்து பூசினால் ஈரமும் கடலோரத்து உப்பும் உள்ளே அடைபட்டு அதனை அரிக்கும் என்பதை மேசனுக்கும் விளக்க வேண்டும். இடிப்பதே முடிவானால், கதவு, தூண், எழுத்துள்ள கல் ஆகியவற்றையேனும் புதிய கட்டடத்தில் பொருத்தும்படி வேண்டுங்கள்.

விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்கள் இப்படி அடுத்தடுத்து இருப்பதால், அயலூர்ச் சங்கத்தாரோடு சந்தை, குளம், வாய்க்கால் முதலிய பொதுவானவற்றைச் சேர்ந்தே பதியுங்கள்.

இதை வாசிப்போருள் கட்டாரிலும் சவூதியிலும் தொழில் பார்ப்பவர்கள் அநேகர். 2004க்கு முன் கடற்கரைத் தெருவில் நடந்த ஒரு கலியாணத்தின் புகைப்படம் உங்கள் பெட்டியில் கிடக்கலாம். பின்னணியில் நிற்கும் சுவரும் மரமும் வேறெங்கும் பதிவாகாதவையாக இருக்கக்கூடும். அதன் பிரதியொன்றை, பின்புறத்தில் இடத்தையும் வருஷத்தையும் எழுதி, உங்கள் ஊர்ச் சங்கத்துக்கு இந்த மாதமே அனுப்பிவையுங்கள்.