பிரசவ வேதனையும் தொழுகையும்

திருக்குர்ஆனின் 19-வது அத்தியாயமான சூரா மர்யமில், பிரசவ வேதனை அன்னை மர்யம் (அலை) அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு சென்ற செய்தியை அல்லாஹுத் தஆலா எடுத்துரைக்கிறான். தனித்திருந்த அந்த அன்னைக்கு உண்ணப் பழமும் பருக நீரும் கிடைத்தன. கவலை வேண்டாமென்ற ஆறுதலும் சொல்லப்பட்டது. வேதனைப்படும் தாய்க்கு இம்மூன்றும் வேண்டும் என்பது நமக்கு இதில் உள்ள பாடம்.

நம் வீடுகளில் இந்த நேரத்தில் இரண்டு தவறுகள் நேர்கின்றன. இடுப்பு வலி கண்டதுமே தொழுகை நீங்கிவிட்டதென்று எண்ணி வக்துகளை விட்டுவிடுவது ஒன்று. மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் தாமதிப்பது மற்றொன்று. முன்னதால் பர்ளு தவறுகிறது. பின்னதால் உயிரே போகலாம். பிரசவத்தின் படிகளை அறிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

வேதனையின் தொடக்கம்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள் என்பது மருத்துவர்கள் போடும் கணக்கு. 37 வாரம் நிறைந்தபின் எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம். சூட்டு வலி ஒழுங்கின்றி வரும்; சற்று நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். உண்மையான வலி அடங்காது. இடுப்பில் தொடங்கி அடிவயிற்றுக்கு வரும். நேரம் செல்லச் செல்ல இடைவெளி குறையும், கடுமை கூடும். இரத்தம் கலந்த சளி வெளிப்படுவதும், பனிக்குடம் உடைந்து நீர் வருவதும் மற்ற அடையாளங்கள்.

இந்த நீராலும் இரத்தத்தாலும் ஒளு முறியும். ஆனால் இது நிபாஸ் அல்ல. ஷாபிஈ மத்ஹபில் குழந்தை முழுமையாக வெளிவந்த பிறகு வரும் இரத்தமே நிபாஸ். ஹனபி மத்ஹபில் குழந்தையின் பெரும்பகுதி வெளிவந்ததும் வரும் இரத்தம் நிபாஸாகும். அதுவரை தொழுகை கடமையாகவே இருக்கிறது. வக்து வந்ததும் சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒளுச் செய்து தொழ வேண்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தபடி சைகையாலும் தொழலாம். தண்ணீர் உபயோகிக்க இயலாவிடில் தயம்மும் உண்டு.

வேதனை முற்றுதல்

கருப்பையின் வாய் சிறிது சிறிதாக விரிந்து 10 சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டும். முதலில் இது மெதுவாகவே நடக்கும். 5 சென்டிமீட்டருக்குப் பிறகு வேகம் பிடிக்கும். அதிலிருந்து முழுதும் திறக்க, தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்குள்ளும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்துக்குள்ளும் ஆகும். பிறகு தாய் முக்கிக் குழந்தையை வெளியேற்றும் கட்டம். தலைப்பிள்ளைக்கு இது 3 மணி நேரம் வரை ஆகலாம்.

ஐந்து நிமிடத்துக்கொரு முறை வலி வந்தால் புறப்பட்டுவிட வேண்டும். மருத்துவமனை தொலைவில் இருந்தால் இன்னும் முன்பே கிளம்ப வேண்டும். பனிக்குடம் உடைந்தாலும், இரத்தம் கொட்டினாலும், நீர் பச்சையாக வந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், கடும் தலைவலியோ வலிப்போ கண்டாலும் வலிக்காகக் காத்திருக்கலாகாது. தமிழ்நாட்டில் 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.

பெண் டாக்டர் இல்லையே என்று தயங்கி நேரத்தைக் கடத்துவோரும் உண்டு. பெண் டாக்டரைத் தேடுவது சரியே. கிடைக்காதபோது, நிர்ப்பந்தத்தில் ஆண் டாக்டர் தேவையான அளவுக்குப் பார்ப்பதை நம் சட்ட நூல்கள் அனுமதிக்கின்றன. குழந்தையின் உயிருக்கு அஞ்சினால் மருத்துவச்சி தன் தொழுகையையே பிற்படுத்தலாம் என்று ஹனபி நூல்கள் கூறுகின்றன. ஓர் உயிருக்கு மார்க்கம் தந்துள்ள மதிப்பு அது!

பிரசவத்தில் மரணிக்கும் பெண்ணுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியிருக்கிறார்கள். அது அவளுக்குரிய சிறப்பு. தாமதித்த வீட்டாருக்கு அது சாக்காகாது.

பிறந்த பிறகு

குழந்தை வெளிவந்ததோடு பிரசவம் முடிவதில்லை. பொதுவாக 30 நிமிடத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். 500 மில்லி லிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அது ஆபத்து. இரத்தப்போக்கைத் தடுக்க உடனே ஊசி போடுவார்கள்; வீட்டுப் பிரசவத்தில் இது கிடைப்பது அரிது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் கொடுக்க வேண்டும். ஒரு வயது வரை தேன் கொடுப்பது குழந்தைக்குத் தீங்காகலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

நிபாஸ் தொடங்கிவிட்டால் தொழுகை இல்லை. அவற்றுக்குக் களாவும் இல்லை. அதன் உச்ச அளவு ஷாபிஈ மத்ஹபில் 60 நாள், ஹனபி மத்ஹபில் 40 நாள். அதற்கு முன்பே இரத்தம் நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டும். 40 ஆகட்டும் என்று காத்திருப்பது தவறு. ஆபரேஷன் மூலம் பிறந்தாலும், பிறப்பு வழியாக வரும் இரத்தம் நிபாஸ்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். லுஹர் வக்து வந்து, தொழுது முடிக்கும் அளவு நேரம் கழிந்தபின் குழந்தை பிறந்ததென வைத்துக்கொள்வோம். அந்த லுஹரை அவள் தொழவில்லையென்றால், ஷாபிஈ மத்ஹபுப்படி சுத்தமானபின் களாச் செய்ய வேண்டும். ஹனபி மத்ஹபுப்படி, வக்து முடியுமுன் நிபாஸ் தொடங்கிவிட்டதால் களா இல்லை. ஆகவே வீட்டிலுள்ள மூத்த பெண்கள், வலி கண்ட நேரத்தையும் குழந்தை பிறந்த நேரத்தையும் குறித்து வைப்பது நல்லது. சந்தேகமானவற்றை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்க.

வேதனைப்படும் நம் சகோதரிகள் ஒவ்வொருவருக்கும் வல்ல அல்லாஹ் சுகப்பிரசவத்தையும் ஸாலிஹான மக்களையும் தந்தருள்வானாக! ஆமீன்.