திரைக்குள் அடங்காத ஆய்வகம்

நுழையும்முன்

கல்வி அனைவர்க்கும் பொது. ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் அனுப்பினால் அஃது அனைவரையும் ஒன்றுபோல் சென்றடையுமா? பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி அறிவியல் மாணவர் பெற்ற பட்டறிவு இவ்வினாவிற்கு விடை தருகிறது.

மலையடிவாரத்தில் ஒரு வகுப்பு

தென்காசி மாவட்டத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் வடகரை. இதுபோன்ற ஊர்களிலிருந்து குற்றாலம், தென்காசிப் பகுதிக் கல்லூரிகளுக்கு மாணவர்கள் பேருந்தில் சென்று பயில்வர். 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டன. வகுப்பறை கைபேசித் திரைக்கு இடம்பெயர்ந்தது.

இத்தகைய ஊரில் வாழும் வேதியியல் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் ஒரே கைபேசி. தந்தை அதனை வேலைக்கு எடுத்துச் சென்றால் வகுப்பும் உடன் சென்றுவிடும். பள்ளியில் பயிலும் தம்பிக்கும் அதே நேரத்தில் பாடம் நடக்கும். இணைப்பைத் தேடி மாடிக்குச் சென்றால் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் நனைக்கும். கைபேசி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. மலையின் மறைவில் அவற்றின் வலிமை குன்றும். ஆசிரியரின் திரையில் அவள் ஒரு பெயராக மட்டுமே தெரிவாள். இணைப்பு அறுந்ததா, ஆர்வம் குறைந்ததா என்பதை அப்பெயர் உணர்த்தாது.

கைகள் கற்கும் பாடம்

அறிவியலைக் கண்ணால் கண்டும் காதால் கேட்டும் மட்டும் கற்றுவிட இயலாது. தரம்பார்த்தல் சோதனையில், பினாப்தலின் கலந்த அமிலத்தில் பியூரெட்டிலிருந்து காரம் துளித்துளியாக விழுகிறது. ஒரு துளியில் கரைசல் மங்கலான இளஞ்சிவப்பாகிறது. அத்துளியில் நிறுத்த வேண்டும் என்பதை விரல்களே கற்றாக வேண்டும். மெய்நிகர் ஆய்வகங்கள் சோதனையின் முறையை விளக்க வல்லவை. கையின் பழக்கத்தை அவற்றால் தர இயலாது. 2020 டிசம்பரில் தமிழகக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது, ஆய்வு மாணவர்களும் அறிவியல், தொழில்நுட்ப முதுநிலை இறுதியாண்டு மாணவர்களும் முதலில் அழைக்கப்பட்டது இவ்வுண்மையை உணர்த்தும்.

தெரியுமா?

தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி (2017–18) இந்தியாவில் இணைய வசதி பெற்றிருந்த வீடுகள் நகர்ப்புறத்தில் 42 விழுக்காடு, ஊர்ப்புறத்தில் 14.9 விழுக்காடு. கணினி வைத்திருந்த ஊர்ப்புற வீடுகள் 4.4 விழுக்காடு மட்டுமே.

சமத்துவமும் ஒப்புரவும்

தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கல்லூரி மாணவர் 9.69 இலட்சம் பேருக்கு நாள்தோறும் 2 ஜிபி இணையத் தரவை இலவசமாக வழங்கும் திட்டத்தை அறிவித்தது. பொருட்செலவு என்னும் தடையை இது குறைத்தது. எனினும் தரவு அட்டை மட்டும் இருந்தால் போதாது. அதனைப் பொருத்தக் கருவி வேண்டும், அமர்ந்து படிக்க அமைதியான இடமும் வேண்டும்.

அனைவர்க்கும் ஒன்றுபோல் வழங்குவது சமத்துவம். அவரவர் நிலையறிந்து வழங்குவது ஒப்புரவு. ஒப்புரவை அறிதலுக்குத் திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்துள்ளார். இணையவழி வகுப்பிலும் அவ்வறத்தைப் பேண இயலும். பாடத்தைச் சிறிய ஒலிக்கோப்பாக வழங்கினால் குறைந்த இணைப்பிலும் கேட்கலாம். எழுத்து வடிவில் வழங்கினால் செவித்திறன் குறைந்தோரும் பயில்வர். ஒப்படைப்புக்குக் கால நெகிழ்வு தந்தால் மாலையில் கைபேசி பெறுவோரும் பங்கேற்பர். கல்லூரி திறந்தபின், விடுபட்ட செய்முறைகளைச் செய்யக் கூடுதல் ஆய்வக நேரம் ஒதுக்குவது கடமையாகும்.

திரை தொலைவைக் குறைக்கும். இல்லாமையைத் தானே குறைக்காது. வருகைப் பதிவில் விடுபட்ட பெயரைக் கண்டதும், ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்பதற்குமுன் ‘வர வழி இருந்ததா?’ என்று கேட்கும் இடத்தில் ஒப்புரவு தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்...

1. உம் ஊரில் இணையவழியில் கற்றோர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளைக் கேட்டறிந்து தொகுக்க.
2. ‘இணையவழிக் கல்வி வகுப்பறைக்குத் துணையா, மாற்றா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.