கரணை ஒண்ணு, காடு ரெண்டு!



"அவனுக்குப் படிப்பு வராதுடா, அவங்க பரம்பரையிலயே யாரும் படிக்கல!" இப்படி நாம் சுலபமாகச் சொல்லி விடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அது சரியா? நம்ம ஊர்க் கரும்பைக் கேட்போம்.

கோவையில் 1912-இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகங்களுக்குத்தான் 'கோ' என்று பெயர். கரும்பைக் கரணை வெட்டி நடுகிறோம். ஆகவே ஒரு ரகத்தின் எல்லாக் கரணைக்கும் மரபணு ஒன்றே. ஆனால் வாய்க்கால் பாயும் வயலில் அது ஆளுயரம் தாண்டும், தண்ணியில்லாத மேட்டாங்காட்டில் குச்சியாய் நிற்கும். எங்க அப்பாருவிடம் கேட்டேன். "கரணையைக் குத்தம் சொல்லி ஆகறதென்ன? தண்ணி கட்டோணும் கண்ணு" என்றார்.

ஒரே வயலில் ரெண்டு ரகம் நட்டால்? அங்கே தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் ரகத்தால் வருவது. ஆக மரபும் உண்மை, சூழ்நிலையும் உண்மை.

மனிதரில் இதை எப்படிப் பிரித்து அறிவது? இரட்டையர்களை வைத்துத்தான்! 1875-இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் இதைத் தொடங்கினார். ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய முழுதும் ஒன்று. மற்ற இரட்டையருக்குச் சராசரியாகப் பாதி. இருவகையினரையும் ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள். நல்ல சாப்பாடு கிடைக்கும் நாடுகளில், ஆளுக்கு ஆள் உயரம் வேறுபடுவதில் சுமார் 80 சதவீதம் மரபால் என்று தெரிந்தது.

அப்படியானால் உயரம் மாறாதா? தென் கொரியாவில் 1896-இல் பிறந்த பெண்களைவிட 1996-இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம்! நூறு வருஷத்தில் மரபணு அவ்வளவு மாறாது. மாறியது சாப்பாடும் சுகாதாரமும்.

1934-இல் நம் கோவை நிலையத்தில் சேர்ந்து கரும்பின் மரபை ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். பெண்கள் கல்லூரிக்குப் போவதே அபூர்வமான காலத்தில், உதவித்தொகை கிடைத்து அமெரிக்கா சென்று 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த வாய்ப்பு கிடைக்காமலே போன பெண்கள் எத்தனை பேரோ?

காமராஜரின் மதிய உணவு (1956), எம்.ஜி.ஆரின் சத்துணவு (1982), காலை உணவுத் திட்டம் (2022) எல்லாமே மேட்டாங்காட்டுக்கு வாய்க்கால் வெட்டும் வேலைதான்.

நண்பர்களே! இனி ஒருத்தனை 'படிப்பு வராது' என்று சொல்லுமுன், காலையில் சாப்பிட்டானா, வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கா என்று கேட்போம். கணக்குப் புரியாதவர்கள் மதியம் வேப்பமரத்தடிக்கு வாங்க. எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!