தோட்ட வடிவமைப்பு மென்பொருள்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை சிப்காட் வளாகங்களில் தோட்டப் பணி எடுக்கும் சிறு நிறுவனத்துக்குக் கண்ணைக் கவரும் முப்பரிமாணப் படத்தைவிட அளவு பிசகாத தளவரைபடமே முதன்மையானது. சுற்றுச்சூழல் முன் அனுமதி பெறும் ஆலைகளுக்கு மொத்த நிலத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டைப் பசுமைப் பட்டையாக, அதாவது தூசியையும் இரைச்சலையும் குறைக்கும் அடர்ந்த மரவரிசையாக, வளர்க்கும் நிபந்தனை பொதுவாக விதிக்கப்படுவதால், பரப்பையும் மரங்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுத் தரும் மென்பொருளே பயன்படும்.

ஆலைகள் தரும் வரைபடம் பெரும்பாலும் ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி. கோப்பாக இருக்குமாதலால், அது பிழையின்றித் திறக்கிறதா என்பதைச் சோதனைப் பதிப்பிலேயே பார்த்துவிட வேண்டும். முப்பரிமாண வரைவு மென்பொருளான ஸ்கெட்ச்அப்பின் இலவச இணையப் பதிப்பு அக்கோப்பை ஏற்பதில்லை. அதன் உரிமமும் தொழில் பயன்பாட்டுக்கு உரியதன்று. டி.எக்ஸ்.எஃப். எனும் பரிமாற்ற வடிவில் கோப்பைக் கேட்டுப் பெற்றால், கட்டணமற்ற லிப்ரேகேடில் இருபரிமாண வேலையை முடித்துக்கொள்ளலாம்.

செடித் தொகுப்பு, அதாவது மென்பொருளுடன் வரும் தாவரப் படங்களின் பட்டியல், பெரும்பாலும் குளிர்நாட்டு இனங்களைக் கொண்டது. மேப்பிள் மரம் நிற்கும் கும்மிடிப்பூண்டிப் படம் வாடிக்கையாளரை மயக்கலாமே தவிர, நடுவோருக்கு உதவாது. புங்கன், வேம்பு, பூவரசு, நாவல் ஆகியவற்றை அவை முதிரும்போது கொள்ளும் கிளைப்பரப்புடன் சேர்க்க இயல வேண்டும். வடகிழக்குப் பருவமழை நீர் தேங்காதிருக்க, நிலமட்டக் குறிப்புகளைப் பதியும் வசதியும் தேவை.

ஆண்டுச் சந்தாவுக்கு முன், ஒரு மாதச் சந்தாவில் உண்மையான பணி ஒன்றை முழுமையாக வரைந்து பார்ப்பதே சிக்கனம்.