கொட்டகைக்கு இரண்டும் வேண்டும்

சின்ன வயதில் எங்கள் கிணற்றடியில் 5 எச்.பி. ஆயில் இன்ஜின் ஒன்று இருந்தது. அது ஓடும்போது இன்ஜினைக் குளிரவைத்துவிட்டு வரும் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியே கதகதப்பாக விழும். மார்கழியில் அதற்கடியில் உட்காரச் சண்டையே நடக்கும். மோட்டார் வந்ததும் இன்ஜின் மூலைக்குப் போய்விட்டது.

சித்தூர் ஜில்லா பலமனேர் பக்கம் பன்னிரண்டு கலப்பின மாடுகளும் கோபர் கேஸ் தொட்டியும் வைத்த பிறகுதான் அந்தக் குழாய் மறுபடி நினைவுக்கு வந்தது. இன்ஜினில் எரிவதில் ஏறக்குறைய கால் பங்குதான் கரண்டாகும். மற்றது தண்ணீரிலும் புகையிலும் சூடாகப் போய்விடும். சர்க்கரை ஆலைக்காரர்கள் இதை வீணாக்குவதில்லை. கரும்புச் சக்கையை எரித்து வந்த நீராவி முதலில் டர்பைனைச் சுற்றும், பிறகு சாறு காய்ச்சும். திருமலை அன்னதானச் சமையலுக்கு 2002-ல் வைத்த 106 சூரியக் கிண்ணங்கள் தந்தது நீராவி மட்டும். என் கொட்டகைக்குக் கரண்டு, சூடு இரண்டும் வேண்டும்.

பழைய இன்ஜினையே இறக்கினேன். காற்று போகும் வழியில் கேஸ், பற்றவைக்கக் கொஞ்சம் டீசல், பின்னால் ஒரு ஆல்டர்னேட்டர். மணிக்கு 2 கன மீட்டர் கேஸ் குடிக்கும், இரண்டரை யூனிட் வரை தரும். அதே நேரத்தில் 100 லிட்டர் தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது.

முதலில் விளக்குக்காக ராத்திரியில் ஓட்டினேன். விடிவதற்குள் தண்ணீர் ஆறிவிட்டது. அடுப்புக்கும் கேஸ் இல்லை, அம்மா, "காபிக்குக் கரண்டைக் குடிக்கிறதாடா?" என்றாள். இப்போது சமையலுக்குப் போக மிஞ்சுவதுதான் இன்ஜினுக்கு. காலை நாலரைக்கு ஓட்டுகிறேன். கறவை மெஷினுக்குக் கரண்டு, கேன் கழுவச் சுடுதண்ணீர். சுடுதண்ணீர் எப்போது வேண்டுமோ அப்போதுதான் இன்ஜினைத் தட்ட வேண்டும் என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

போர் தண்ணீரை நேராக இன்ஜினுக்குள் விட்டதும் தவறு. ஆறு மாதத்தில் உப்புப் படிந்து வழி அடைத்துக்கொண்டது. இன்ஜினுக்குள் மழைத்தண்ணீரே சுற்றட்டும். டிரம்முக்குள் செப்புக் குழாயைச் சுருட்டி வைத்து அதன் சூட்டை மட்டும் எடுங்கள்.

கேஸோடு கலந்து வரும் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு இன்ஜினை அரித்துவிடும். லேத் பட்டறைச் சீவல்களைத் துருப்பிடிக்க வைத்து ஒரு குழாயில் அடைத்து, அதன் வழியாக கேஸை விடுகிறேன். துரு கறுத்தால் வெளியே எடுத்து நனைத்துப் பரப்ப வேண்டும், மறுபடி சிவக்கும். அப்போது நன்றாகச் சூடேறும், வைக்கோல் போர் பக்கம் கொட்டிவிடாதீர்கள்.

புகைக்குழாய் கட்டாயம் கொட்டகைக்கு வெளியே போகட்டும். அந்தப் புகை ஆளைக் கொல்லும். வீட்டு லைனுக்கும் இதற்கும் நடுவே சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஓட்டவே கூடாது. கரண்டு போன நேரத்தில் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிர் அதில் இருக்கிறது.

திருப்பதி வெயிலில் தொட்டிக்குச் சூடு தேவைப்படாது. எங்கள் மேட்டில் மார்கழி வந்தால் கேஸ் பாதியாகும். மிஞ்சும் சுடுதண்ணீரில்தான் அப்போது சாணம் கரைக்கிறேன், தொட்டி கொஞ்சம் தேறுகிறது. குளிக்க ஒரு வாளி எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் அம்மா மிச்சத்தைத் தருவாள்.